வெறும் மண்ணின் அளவு

கட்டுக்கதை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். சுமதியின் மடிக்கணினியில் அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது. போன மாசியில், பட்டப்பகலில், திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல் காட்டில் நடந்தது. பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

சுமதிக்கு ஒன்பது வயதில் அப்பா போய்விட்டார். கிணறு தோண்டப் போன பால்ச்சாமியின் மேல் காலை 11.40க்கு மண் சரிந்தது. இரண்டாம் நாள்தான் உடலை எடுத்தார்கள். கிணற்றை மண் போட்டு மூடிவிட்டார்கள். "நிமிசத்துல முடிஞ்சுருச்சு தாயி. வலியே தெரிஞ்சிருக்காது," என்றார் அப்பாவோடு தோண்டிய நல்லமுத்து சித்தப்பா. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பதினெட்டு வருடம் தூங்கினாள்.

படித்து பெங்களூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள், மண்ணில் புதைந்தவர்களின் மூச்சைக் கண்டுபிடிக்கும் கருவி செய்தாள். வேறென்ன செய்வாள்? மண்ணுக்குள் நுண்ணலையை அனுப்பினால், நெஞ்சு ஏறி இறங்குவது அதில் தெரியும். ஆனால் சாதாரண நுண்ணலை தானே கொஞ்சம் நடுங்கும். மெல்லிய மூச்சு அந்த நடுக்கத்தில் காணாமல் போய்விடும். அதற்குத்தான் ஒளிச்சீப்பு. லேசர் ஒளியைச் சீப்புப் பல் மாதிரி சம இடைவெளியில் ஆயிரமாயிரம் நிறங்களாகப் பிரித்து, ஒளியின் அசையாத தாளத்தை அப்படியே நுண்ணலைக்கு இறக்கித் தரும். நடுக்கம் அனேகமாக இருக்காது.

சோதனைக்கு அந்த மூடிய கிணற்றையே தேர்ந்தெடுத்தாள். ஏன் என்று கூட வந்த முகேஷிடம் சொல்லவில்லை. அவன் பக்கத்துப் பாலவனத்தம் ஊர்க்காரன், ஆய்வகத்தில் இவளுக்கு இளையவன். முதலில் ஆள் இல்லாத வெறும் மண்ணை அளக்க வேண்டும். அந்த அளவைப் பின்னால் எல்லாப் பதிவிலும் கழித்துவிடுவார்கள். ஒளிச்சீப்புப் பெட்டி வேனுக்குள் இருந்தது; நுண்ணலையை அனுப்பி வாங்கும் அலைவாங்கி கிணற்று மண்ணைப் பார்த்து நின்றது. இருவரும் கருவேல நிழலில் உட்கார்ந்தார்கள். 11.30க்குப் பதிவு தொடங்கியது. திரையில் நேர்கோடு.

11.42. கோடு மெல்ல ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

"ஆடு கீடு நிக்குதாக்கா?"

ஒரு ஆடும் இல்லை. காற்றும் இல்லை. தங்கள் மூச்சுதானோ என்று இருவரும் மடிக்கணினியோடு நூறடி தள்ளிப்போய் நின்று பார்த்தார்கள். கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அலைவாங்கியை வானத்துக்குத் திருப்பினான் முகேஷ். நேர்கோடு. மண்ணுக்குத் திருப்பினான்... நிமிடத்துக்கு இருபத்திரண்டு மூச்சு.

12.10. கோடு அப்படியே நின்றது. பன்னிரண்டு விநாடி. பிறகு மூச்சு தொடர்ந்தது.

12.20. மறுபடி நின்றது. பன்னிரண்டு விநாடி.

12.30. அதே மாதிரி...

முகேஷ் விசைப்பலகையை நோக்கிக் கை நீட்டினான். "இதையே வெறும் மண்ணுன்னு வச்சுட்டா, மிசினு கழிச்சுரும்க்கா. ஒண்ணும் தெரியாது."

"வேண்டாம்."

அவன் வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சுமதி நகரவில்லை. அவளுக்குப் பயமில்லை. அழுகைதான் வந்தது. பதினெட்டு வருடத்துத் தூக்கமும் பொய்யாகிப் போனதே என்று அழுதாள்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த நிறுத்தம் தவறவே இல்லை. நான்கு மணி வரை பன்னிரண்டு விநாடிதான்.

4.10. இருபது விநாடி.

4.20. முப்பத்தொன்று.

4.30. நாற்பது...

4.40. நாற்பத்தெட்டு. மூச்சு மெலிந்துகொண்டே வந்தது.

4.50. கோடு நின்றது. ஒரு நிமிடம் ஆனது. அசையவில்லை.

ஏனென்று தெரியாமலே சுமதி மண்ணில் குப்புற விழுந்தாள். வாயைத் தரையோடு வைத்தாள்.

"அப்பா..."

கோடு ஒருமுறை ஏறியது. பெரிதாக.

இறங்கியது.

அவ்வளவுதான்.

அன்று பொழுது சாய நல்லமுத்து வீட்டுக்குப் போனாள். கை காலெல்லாம் மண். கையில் திறந்தபடி மடிக்கணினி. அவர் தண்ணீர் கொடுத்தார்.

"அன்னைக்கு மேல நின்னு என்ன செஞ்சீக, சித்தப்பா?"

அவர் திண்ணையில் உட்கார்ந்தார்.

"மம்பட்டியால மண்ணை அள்ளுனோம். பத்து நிமிசத்துக்கு ஒருக்கா எல்லாரையும் நிறுத்தச் சொல்லிட்டு, குனிஞ்சு 'ஏலே பால்ச்சாமி'ன்னு கூப்புடுவேன். பெறகு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு காது குடுப்போம். ஒரு சத்தமும் வரல தாயி. நாங்க கூப்புட்டது அவனுக்குக் கேட்டே இருக்காது. நிமிசத்துல முடிஞ்சுருச்சுல்ல..."

"எத்தனை மணி வரைக்கும் கூப்புட்டீக?"

"நாலு மணி. அதுக்கு மேல கூப்புடல." அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன் தாயி கேக்குற?"

சுமதி மடிக்கணினியை மூடினாள்.

"சும்மாதான் சித்தப்பா," என்றாள். "அப்பாவுக்குக் கேட்டிருக்காது."