மின்னி பேயில் மஞ்சள் தேங்காய்கள்

வெள்ளிக்கிழமை, பிற்பகல்

சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரம் வானில் பறந்து போர்ட் பிளேரில் இறங்கினேன். நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் புதுப்பெயர் சூட்டப்பெற்றிருப்பினும், நான் கேட்டவரையில் மக்கள் வாயில் பழைய பெயரே வழங்குகிறது. வானூர்தி நிலையத்திலிருந்து என் மகன் குடியிருக்கும் ஷாதிபூருக்கு மூன்று நான்கு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் இராமநாதபுரத்துக்காரர்.

“மெயின்லேண்டா ஐயா? இங்கன ராத்திரி சுருக்குன்னு வந்துரும். அஞ்சரைக்கே அந்தேரா ஆயிரும், பாத்துக்கங்க” என்றார்.

வேடிக்கையாகச் சொல்கிறார் என்றெண்ணினேன். ஐந்தரை மணிக்குத் தெருவிளக்குகள் எரிந்தன. வானில் விண்மீன்கள் முளைத்தன. கடிகாரம் நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாடு முழுமைக்கும் ஒரே கடிகாரம். கதிரவன் மட்டும் இங்கே முந்திக்கொள்கிறான். இப்பயணம் முழுதும் என்னை விட்டு நீங்காத குழப்பம் அந்த அந்தியிலேயே தொடங்கிவிட்டது.

மகன் அரசுப் பணியாக ஹட் பே சென்றிருந்தான். திங்கட்கிழமைக் கப்பலில்தான் திரும்புவான். வீட்டில் மருமகள் புஷ்பராணி மட்டும் இருந்தாள். அவள் பெற்றோர் இலங்கையின் மலைத்தோட்டங்களிலிருந்து திரும்பிவந்து, கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். மணமாகி ஐந்தாண்டு ஆகிறது. இருசக்கர விசையுந்து ஓட்டுவோர்க்கு மேற்பயிற்சி அளிக்கும் அமைப்பொன்றில் துணைப் பயிற்றுநராக இருக்கிறாள்.

தேநீரை வைத்துவிட்டு, “மாமா, ஒரு ஒதவிங்க. கேக்கவே கூச்சமா இருக்கு” என்றாள்.

கோவையிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருக்கிறாராம். மூவருக்குச் சனிக்கிழமை பயிற்சியளித்து, ஞாயிறன்று அவர் முன்னிலையில் ஓட்டிக்காட்டச் செய்ய வேண்டும். அம்மூவரும் தேறினால்தான் புஷ்பராணி முழுப் பயிற்றுநர் ஆவாள். தவறினால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். மூவருள் ஒருவர் அறுபதைக் கடந்த, நெடுநாள் ஓட்டிப் பழகியவராக இருத்தல் விதி. அதற்கு இசைந்திருந்த பொறிப்பணியாளர் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து கப்பலேறிப் போனவர், கடல் கொந்தளிப்பால் கார் நிக்கோபாரில் தங்கிவிட்டார்.

“நீங்க நாப்பது வருஷமா ஓட்டுறீங்கதானே மாமா?”

“ஓட்டுகிறேன் அம்மா. எனக்கு எதற்குப் பயிற்சி?”

“அதேதாங்க வேணும். எதுக்குப் பயிற்சின்னு கேக்குற ஆளு.”

மகனின் மனைவியிடம் பேசும்போது முகம் நோக்குவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. நிலைக்கதவையோ செய்தித்தாளையோ பார்த்துப் பேசுவதே அவளுக்குச் செய்யும் மதிப்பு என்று என் தந்தையார் நடந்துகாட்டினார். நானும் அவ்வாறே நடந்துவருகிறேன். ஆகவே தேநீர்க் கோப்பையைப் பார்த்து, “சரி” என்றேன்.

சனிக்கிழமை, காலை ஐந்தரை மணி

நன்றாக விடிந்திருந்தது. மின்னி பேயில் கடலையொட்டி ஒரு சிமெண்டுத் தளம். கட்டடப் பொருள்களை இறக்கிவைக்க அதை அமைத்தவர் கோட்டைச்சாமி. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து இங்கு ஒப்பந்தக்காரராக நிலைத்தவர், பருத்த உடலினர். அவரும் பயிற்சி பெறுவோருள் ஒருவர். மற்றொருவர், வண்டி ஓட்டத் தொடங்கி ஒரு மாதமே ஆன செவிலிப் பெண். தடத்தின் எல்லைகளைக் குறிக்கும் நெகிழிக் கூம்புகளைக் கடற்காற்று அடித்துப்போகிறதென்று, கீழே விழுந்த தேங்காய்களுக்கு மஞ்சள் வண்ணம் பூசி வரிசையாக வைத்திருந்தாள் புஷ்பராணி.

விரைந்து ஓட்டுவதற்கன்று, மெல்ல ஓட்டுவதற்கே இப்பயிற்சி என்பது அங்குதான் எனக்குத் தெளிவாயிற்று. சாத்தாம் துறையில் பேம்பூ ஃபிளாட்டுக்கு வண்டிகளை ஏற்றிச்செல்லும் படகில் ஏறுகையில், ஈரமான இரும்புச் சரிவில், நடைவேகத்தில்தான் இங்கு வண்டிகள் பெரும்பாலும் சாய்கின்றனவாம். இதுவரை புரிந்தது. இதன்பின் அவள் சொன்னவை யாவும் என் அறிவுக்கு எதிர்த்திசையிலேயே நின்றன. மெல்லச் செல்ல வேண்டுமா, முடுக்கியைக் குறைக்காதே. முடுக்கிக்கொண்டே பின் பிரேக்கையும் மிதி. வண்டி இடப்புறம் சாய்ந்தால் உடல் வலப்புறம் போகட்டும். முன் பிரேக்கை மட்டும் தொடவே தொடாதே.

நாற்பதாண்டு ஓட்டிய கை, முதல் வளைவிலேயே முன் பிரேக்கைப் பற்றியது. வண்டி எவ்வித அவசரமுமின்றிப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. முழங்காற் கவசத்தின் தயவால் அடியில்லை.

“அரே ஐயா, வண்டிதான் படுத்துச்சு. நீங்களும் எதுக்குத் தொணைக்குப் படுக்கிறீக?” என்றார் கோட்டைச்சாமி.

“ஒங்க முறை வரும்ல, அப்பப் பேசுங்க அண்ணே” என்று அவரை அடக்கிவிட்டுப் புஷ்பராணி என் பக்கம் திரும்பினாள். “மாமா, கீழ பாக்காதீங்க. தேங்காயப் பாத்தா வண்டி தேங்காய்க்குத்தான் போவும்.”

“பிறகு எதைப் பார்ப்பது?”

“வளைவு முடியிற எடத்துல நான் நிக்கிறேன். என் மூஞ்சியப் பாருங்க, அவ்ளோதான். வண்டி தானா வரும்.”

கண் பார்க்கும் இடத்திற்குச் சக்கரம் ஏன் வர வேண்டும்? இரண்டிற்கும் இடையே கம்பியுமில்லை, சங்கிலியுமில்லை. ஐயத்துடனே புறப்பட்டேன். முகத்தைப் பார்ப்பது முறையன்று என்பதால் அவளுடைய காலணிகளைப் பார்த்தேன். வண்டி நேரே அவற்றை நோக்கிச் சென்றது.

“மாமா! என் கால் மேலயே வர்றீங்க!” என்று துள்ளி விலகினாள்.

மறுமுறை அவளுக்குப் பின்னாலிருந்த கடலைப் பார்த்தேன். வண்டி கடலை நோக்கிப் புறப்பட்டது. கோட்டைச்சாமி ஓடிவந்து பின்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “ஐயா, சென்னைக்கு அந்தப் பக்கம் ரோடு இல்ல. ஆராம்சே, நிதானமா ஃபிளைட்லயே போங்க.”

உச்சி வேளைவரை முயன்றேன். மற்ற இருவரும் வளைந்து வளைந்து சென்றனர். நான் தேங்காய்களை உருட்டினேன்.

அன்று மாலை

இருட்டியபின் சமையற்கட்டிலிருந்தே பேசினாள். “மாமா, நாளைக்கு நீங்க வரவேணாம். ரெண்டு பேருதான்னு அந்த சார்கிட்ட நானே சொல்லிர்றேன்.”

“இருவர் போதுமா?”

“போதாது. பரவால்லைங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.” பாத்திரம் கழுவும் ஓசை நின்றது. “நான் சத்தம் போட்டது ஒங்களுக்குப் புடிக்கலைன்னு தெரியுது. மூஞ்சியப் பாருங்கன்னா அந்தாண்ட திருப்பிக்கிறீங்க. இன்னைக்கு மட்டுமா, கல்யாணம் ஆன நாள்லேர்ந்தே அப்படித்தாங்க. எங்க தோட்டத்து லயத்து சனம் ஒருத்தரப் புடிக்கலைன்னாத்தான் மூஞ்சியப் பாக்காம பேசும். நான் அதப் பெருசா எடுத்துக்கல மாமா. இவரோட அப்பாவாச்சேன்னு விட்டுட்டேன்.”

ஐந்தாண்டுகளாக நான் மதிப்பு என்று கொடுத்துவந்தது, அவளிடம் வெறுப்பாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். என் கண்கள் அப்போதும் நிலைக்கதவின் மேல் இருந்தன. கதவை நோக்கிக்கொண்டு இதை எவ்வாறு விளக்குவது என்று விளங்கவில்லை. “நாளை வருகிறேன் அம்மா” என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை

தேர்வாளர் மெலிந்த மனிதர். தொப்பியைக் காற்றுக்குப் பயந்து கையால் அழுத்திக்கொண்டு ஓரமாக நின்றார். செவிலிப் பெண் கால் ஊன்றாமல் ஓட்டி முடித்தாள். கோட்டைச்சாமியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முடித்தார். என் முறை வந்தது.

நேரான குறுந்தடத்தை எவ்வாறோ கடந்தேன். அடுத்தது முழுவளைவு. புஷ்பராணி அதன் முடிவில் போய் நின்றாள். முடுக்கியை விடாமல் பின் பிரேக்கை இலேசாக மிதித்துக்கொண்டு, தலையைத் திருப்பி, அவள் முகத்தைப் பார்த்தேன்.

இடக்கண்ணின் கீழ் ஒரு மச்சம் இருந்தது. ஐந்தாண்டில் நான் அறியாத மச்சம். உதடுகள் ஓசையின்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன. அவள் அஞ்சியிருந்தாள். நான் பார்ப்பதை உணர்ந்ததும், எதிர்பாராதவள் போலத் திடுக்கிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். என் பார்வையும் அவளோடு தரைக்கு இறங்க, கைப்பிடி நடுங்கியது. வண்டி உட்புறம் சரியத் தொடங்கியது.

“கீழே பார்க்காதே அம்மா!” என்று கத்திவிட்டேன்.

கோட்டைச்சாமி வாய்விட்டுச் சிரித்தார். புஷ்பராணி நிமிர்ந்தாள். அவள் கண்களில் நீரிருந்தது, சிரிப்பும் இருந்தது. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி எப்போது வளைந்தது, எவ்வாறு வளைந்தது என்பதை என்னால் எழுத இயலாது. அவள் முன்னே வண்டி வந்து நின்றபோது ஒரு தேங்காயும் உருண்டிருக்கவில்லை. என் கால்கள் தரையைத் தொட்டிருக்கவில்லை.

தேர்வாளர் அவளிடம், “மூணு பேரும் பாஸ். நீங்களும் பாஸ்” என்றார். பிறகு ஐயத்துடன், “ஆமா, யாருக்கு யார் டிரெய்னர்?” என்று கேட்டார்.

புதன்கிழமை, புறப்பாடு

ஊர் திரும்பிய மகனுக்கு விடுப்புக் கிட்டாததால், புஷ்பராணியே என்னைத் தன் வண்டியில் வானூர்தி நிலையத்திற்கு அழைத்துவந்தாள். விடைபெறும்போது பழைய வழக்கம் மீண்டும் என் கண்களைப் பெட்டியின் பக்கம் இழுத்தது.

“மாமா” என்றாள். “தேங்காயப் பாக்குறீங்க.”

நிமிர்ந்து, “போய்வருகிறேன் அம்மா” என்றேன்.

எங்கள் ஊரான கும்பகோணத்தில் மாலை ஐந்தரை மணிக்கு நல்ல வெயில் அடிக்கிறது. கடிகாரமும் வானமும் ஒத்துப்போகின்றன. குழப்பம் மட்டும் என்னோடு கடல் கடந்து வந்துவிட்டது. எங்கள் தெருமுனையில் மெல்லத் திரும்புகையில், நான் பார்க்கும் பக்கமே வண்டி திரும்புகிறது. ஏனென்று இன்றும் தெரியவில்லை.

ஊர் வந்த மறுநாள் என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். செய்தித்தாளை மடக்கி வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தேன். சற்றுக் கூடுதலாகவே பார்த்திருப்பேன் போலும். முந்தானையால் கன்னத்தை அவசரமாகத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“என்னங்க, மொகத்துல எதுவும் ஒட்டியிருக்கா?”