இயக்குநரின் உள்ளங்கை

எங்கள் இயக்குநர் டேப்லெட் வந்த அன்று அதன் பேனாவை இரண்டு முறை உதறினார். மை இறங்கவில்லையாம். பிறகு மூடியைத் தேடினார். கடைசியில் சட்டைப்பையில் இருந்த மைப்பேனாக்களுக்கு நடுவே அதைச் செருகிக்கொண்டார். தில்லி அலுவலகங்களில் பச்சை மையில் எழுதினால் பெரிய அதிகாரி என்று அர்த்தம். திரையிலும் தன் எழுத்து பச்சையாகவே விழ வேண்டும் என்று கேட்டு வாங்கினார். அந்தக் கருவியில் அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

எழுதும்போது உள்ளங்கை பட்டால் திரை அதையும் தொடுகையாக எடுத்துக்கொள்ளும், பேனா மட்டும் வேலை செய்யும்படி மாற்றிவிடலாம் என்றாள் பயிற்சி கொடுக்க வந்த பெண். அவர் ஒப்பவில்லை. பார்க்க வருகிறவர்கள் முன்னால் விரலால் பக்கம் தள்ளிக் காட்டுகிற பெருமை போய்விடுமே! கோப்புகளில் அவர் எழுதுவதோ பெரும்பாலும் ஒரே வார்த்தை: 'பேசவும்'. போய் நின்றால் எதைப் பேசுவது என்று அவருக்கே தெரியாது. இந்த லட்சணத்தில் காகிதமில்லா அலுவலகம் பற்றி மற்ற பிரிவுகளுக்கெல்லாம் போய் உரையாற்றுவார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் மேடையே ஏறிவிட்டார்.

அப்போது நான் பிரிவு அலுவலர். என்னிடம் மதுரைக்காரப் பெண் ஒருவர் உதவியாளராக இருந்தார். ஊரில் கணவருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். இவர் தில்லி மயூர் விஹாரில் ஓர் அறையில் தனியாக இருந்துகொண்டு, மதுரைக் கிளைக்கு மாற்றல் கேட்டிருந்தார். இயக்குநரும் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட உட்கார்ந்தார். நான் எதிரில் நின்றேன். முப்பது வருடம் காகிதத்தில் ஊன்றி எழுதிய கை திரையின் கீழ் ஓரத்தில், 'நிராகரி' என்ற பொத்தான்மேல் பதிந்தது. நிச்சயமா என்று திரை கேட்டது. எதைக் கேட்டாலும் 'ஆம்' என்று தொடுவது அவர் வழக்கம். தொட்டார்.

"ஃபைல் எங்கய்யா போச்சு?"

"ரிஜெக்ட் ஆயிடுச்சு சார். உங்க கை பட்டுடுச்சு. தவறுதலா நடந்துச்சுன்னு ஒரு வரி எழுதினா திரும்ப எடுத்துடலாம்."

"என் கை பட்டுச்சுன்னு நானே எழுதறதா? மேல இருக்கறவன் சிரிக்க மாட்டானா? ஆள் பற்றாக்குறைன்னு காரணம் போட்டு ஒரு நோட் கொண்டாங்க. ஜல்தி."

ஒரு வரி எழுத வெட்கப்பட்ட மனிதர், ஒரு நோயாளியின் மனைவியை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் நிறுத்தி வைக்க வெட்கப்படவில்லை. ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இன்றும் அவர் மேல் எனக்கு மரியாதை இல்லை.

ஆனால் அந்தக் குறிப்பை எழுதியது நான். என் பதவி உயர்வு அறிக்கை அந்த மாதம் அவரிடம் இருந்தது. ஆறே வரி, பிசிறில்லாமல் வந்தது. "அச்சா" என்று சொல்லிப் பச்சையில் அடிக்கோடிட்டார். இப்போது அவர் நாற்காலியில் நான் இருக்கிறேன். என் டேப்லெட்டில் பேனா மட்டும் வேலை செய்யும்படி மாற்றி வைத்திருக்கிறேன். பெரிய சாதனைதான்!

அந்தக் குறிப்பு போன மறுநாள் அந்தப் பெண் அதை அச்செடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அழுது முடித்த முகம்.

"நாலு தடவ படிச்சுட்டேன்ணே. அவுக சொல்றது நியாயமாத்தான் இருக்கு. நாந்தான் கேட்டிருக்கக் கூடாது."

ஆமாம் என்று தலையாட்டினேன்.