லுங்கியில் சிவப்புக் கறை

முத்துமாரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆம்பூர் போதை மீட்பு மையத்தின் பெஞ்சில் உட்காருவதும் எழுந்து வாசலை எட்டிப் பார்ப்பதுமாக இருந்தாள். காலடியில் ஒரு துணிப்பை. புருஷன் பொய் சொல்கிறான் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டால், நேராகக் குடியாத்தத்தில் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவது என்று முடிவு கட்டித்தான் வந்திருந்தாள்.

புருஷன் இன்பராஜ் தோல் கம்பெனியில், தோலுக்குச் சாயம் ஏற்றும் டிரம்மில் வேலை பார்ப்பவன். முதுகுவலி மாத்திரையில் தொடங்கிப் போதை ஊசியில் போய் விழுந்தான். அப்படிக் கிடந்த இரண்டு வருஷமும் ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டி வீட்டைக் காப்பாற்றியவள் இவள். எட்டு மாதமாகத் தினம் காலையில் நர்ஸ் கண்ணெதிரே, ஊசி ஏக்கத்தை அடக்கும் மெத்தடோன் மருந்தைக் குடித்துத் தேறி வந்தான். அப்பாடா என்றிருந்தது. விதிக்குப் பொறுக்குமா? ஒரு மாதமாக, மத்தியானம் ஆனால், அன்று ஊசி கிடைக்காதபோது வந்த அதே கொட்டாவி, வேர்வை, கால் உதறல். சூடு கண்ட பூனைக்குத் தெரியாதா?

"மருந்த வாயில அடக்கினு வந்து துப்பிட்றியா?"

"இல்ல மாரி."

தினம் இதே கேள்வி, இதே பதில்.

டாக்டர் ஜஹீதா இருவரையும் உள்ளே கூப்பிட்டு ரிப்போர்ட்டைப் பிரித்தார். காலை மருந்துக்கு முன்பு எடுத்த ரத்தம் அது. "குடிக்கிறத நர்ஸ் பாக்குறாங்க. ஆனா இருக்க வேண்டிய மருந்துல பாதிகூட ரத்தத்துல இல்ல. வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்லீங்க."

"ஒண்ணுக்கு சிவப்பாப் போகுதா?"

முத்துமாரி முந்திக்கொண்டாள். "சாய வேலைங்க டாக்டர். லுங்கியெல்லாம் செவப்புதான்."

"எத்தனை வருஷமா சாய வேலை?"

"பன்னெண்டு."

"இந்தச் சிவப்பு?"

முத்துமாரி நாளை எண்ணிப் பார்த்தாள். ஒரு மாதம்தான். துவைத்தவளுக்கே தோன்றவில்லை.

இன்பராஜ் சட்டைப்பையிலிருந்து மெதுவாக ஒரு அட்டையை எடுத்து வைத்தான். டிபி மாத்திரை. "வெளிய தெரிஞ்சா டிரம்முல நிக்க விடமாட்டாங்க."

"இதுதான் ஒண்ணுக்க சிவப்பாக்குது, நம்ம மருந்தையும் ரத்தத்துல தங்க விடல. இத நிறுத்தாதீங்க. மெத்தடோன கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, மறுபடி ரத்தம் பாப்போம்," என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் முத்துமாரிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எங்கிட்டகூடவா மறைப்ப?"

"நீ போய்டுவியோன்னு பயம்."

"ஊசி போட்டுனு கெடந்தப்பவே போவல. இருமலுக்கா போவேன்?"

அவன் குனிந்து பையைத் தூக்கினான். "கனமா கீது. இன்னா இது?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒரு மாதமாக ஒருவர் மறைத்தது போதாதா?

"என் துணி. எங்கம்மா வூட்டுக்குப் போவ எடுத்தாந்தேன். தூக்கினு வீட்டுக்கு நட."