தெரிந்தே என்ற சொல்

என் மனைவியின் அண்ணனுக்கு யார் எதைச் சொன்னாலும் "ஆமாங்க" என்றுதான் வாயில் வரும். ஒப்புக்கொள்கிறார் என்று அர்த்தமில்லை. காது கொடுத்துக் கேட்கிறார், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான், எனக்குத்தான் கேட்கக் கேட்க எரிச்சலாக வரும்.

அவர் சொந்தமாகச் சின்ன பனியன் கம்பெனி நடத்திவந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் குடோனை வெளியிலிருந்து பூட்டிவிடுவார். காதர்பேட்டை மொத்தக் கடைகளுக்கு அனுப்ப வேண்டிய பீஸில் யாராவது கை வைத்துவிடுவார்களோ என்ற பயம். போன ஆடியில் ஒரு நாள் அப்படிப் பூட்டியிருந்தபோது உள்ளே சுவிட்ச் பெட்டியில் தீப்பிடித்தது. செக்கிங் வேலை பார்த்த தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி உள்ளேயே இருந்திருக்கிறாள். பூட்டை உடைத்துத் தூக்கி வந்தபோது உயிர் இல்லை.

ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன்.

"பூட்டினது நீங்கதானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமாங்க."

"உள்ள ஆள் இருக்கறது தெரியும். தெரிஞ்சேதான் பூட்டியிருக்கீங்க."

"ஆமாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், அவர் பேச்சே அப்படித்தானுங்க" என்றேன். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் வரச் சொல்லி அனுப்பினார்.

நேராக வக்கீலிடம் போனோம். அந்தப் பெண்ணின் வீட்டாரிடம் பேசி முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். இங்கே எல்லாத் தகராறும் அப்படித்தானே தீர்கிறது.

"அதெல்லாம் சிவில் கேஸ்லதானுங்க" என்றார் வக்கீல். "இதுல எதிர்ல நிக்கறது அரசாங்கம். அந்தக் குடும்பமே வேண்டாம்னாலும் கேஸ் நடக்கும். கிரிமினல் சட்டம் கை செஞ்சதை மட்டும் பார்க்காதுங்க, மனசுல என்ன இருந்துச்சுன்னும் பார்க்கும். கவனமில்லாம பூட்டினா ஒரு பிரிவு. தெரிஞ்சே பூட்டினா வேற பிரிவு. அதுல உள்ள போனா வெளிய வர்றது லேசில்ல. போலீஸ்கிட்ட சொன்ன 'ஆமாங்க' கோர்ட்ல செல்லாது. ஆனா இனி அவங்க அந்த இடத்துலயேதான் தோண்டுவாங்க."

வாய்ப் பழக்கத்துக்கு ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போவதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பக்கத்துப் பேக்கரியில் உட்கார்ந்து டீ சொன்னேன். மச்சான் டம்ளரைத் தொடவே இல்லை.

"பயப்படாதீங்க மச்சான். உள்ள ஆள் இருந்தது உங்களுக்குத் தெரியாதுன்னு நான் எங்க வேணாலும் வந்து சொல்றேன்" என்றேன்.

அவர் தலையைக்கூட ஆட்டவில்லை.

"அந்தப் பொண்ணு போன்ல பேசிட்டு இருந்தாங்க மாப்ள" என்றார். "குழந்தைகிட்டன்னு நெனைக்கறனுங்க. சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாங்க. பேச்சுக்கு நடுவுல போயி எப்படீங்க வெளிய வாங்கன்னு சொல்றது? சாப்பிட்டு வந்து தொறந்துக்கலாம்னு சத்தமில்லாம பூட்டுனனுங்க."

யாராவது கேட்டிருப்பார்களோ என்று சுற்றிலும் பார்த்தேன். பக்கத்து மேசைகள் காலியாக இருந்தன. கேட்டது நான் ஒருவன்தான். காலையில் வரும்போது என்னையும் கூட வரச் சொல்லியிருந்தார் இன்ஸ்பெக்டர்.