பேச்சிப்பாறைக்குப் போகும் முன் கைக்குட்டையில் படிந்த பச்சை

2012 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெய்யூரிலிருந்து பேச்சிப்பாறை அணைக்கு நானே காரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினேன். போக முப்பத்துமூன்று கிலோமீட்டர், வர முப்பத்துமூன்று. இதில் எழுத என்ன இருக்கிறது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எனக்கு வயது எழுபத்தொன்று, காருக்குப் பதினாறு. அன்று எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஒருமுறை மேலே ஏறியிருந்தாலும் மறுநாள் அந்தக் கார் என்னிடம் இருந்திருக்காது.

எல்லாம் அதற்கு முந்தைய வியாழனில் தொடங்கியது. வியாழன்தோறும் காலை ஆறேகாலுக்குக் கிளம்பி, கருங்கல் வழியாகப் பதினெட்டு கிலோமீட்டர் ஓட்டி, தேங்காய்ப்பட்டணத்தில் புஷ்பம் என்ற பெண்ணிடம் மீன் வாங்குவது என் வழக்கம். அவள் ஐஸ் போட்டுக் கட்டித் தரும் பையை இடது இருக்கைக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில் வைப்பேன். ஒரு மாதமாக அங்கே கம்பளம் நனைந்தே கிடந்தது. எனக்கு ஈரக் கம்பளம் ஆகாது. அன்று பத்துப் பேர் நிற்கும்போதே கேட்டுவிட்டேன்.

"ஒனக்க பை ஒழுகுது புஷ்பம். எனக்க காரு நாறிப் போச்சு."

"எம்மா, எனக்க பை ஒழுகாது. இருவது வருசமா மீன் விக்கியேன்."

"அப்போ வானத்துலேருந்து பெய்யுதா?" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

கருங்கலுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது முள் சிவப்பைத் தொட்டது. ஓரமாக நிறுத்தினேன். டீக்கடைக்காரர் ஒருவர் ரேடியேட்டர் மூடியைத் திறக்க ஓடி வந்தார், தடுத்துவிட்டேன். சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில்தான் பாயும். நாற்பது நிமிடம் ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றினோம். ஒன்றேகால் லிட்டர் குடித்தது.

மெக்கானிக் வீட்டுக்கு வந்து காருக்கு அடியில் குனிந்து பார்த்தார். "வெளிய ஒரு சொட்டு இல்ல. அப்போ எஞ்சினுதான் குடிக்குது. பிரிச்சாத்தான் தெரியும்" என்றார். பதினெட்டாயிரம் ரூபாய், நான்கு நாள். போதாததற்கு மஸ்கட்டில் இருக்கும் என் மகன் ஜெரால்டுக்கும் போன் செய்துவிட்டார்.

"அம்மா, ஓட்டினது போதும். நீங்க ஒத்தைக்கு நடுரோட்டுல நிக்கியத நெனச்சா எனக்கு இங்க சோறு எறங்கல்ல. திங்கக்கிழம காரு வாங்க ஒரு ஆளு வருவாரு, சாவியக் குடுத்துருங்க" என்றான் ஜெரால்டு.

"அதுக்குள்ள சரியாச்சுன்னா?"

"பேச்சிப்பாற ஏத்தம் ஏறிட்டு வாங்க. முள்ளு அசையல்லன்னா நான் வாயத் தெறக்கல்ல. அசைஞ்சா காரு அவருக்கு."

சம்மதித்தேன். கணவர் இறந்த ஒன்பது வருடங்களில் "என்னைக் கொஞ்சம் கொண்டு விடுகிறாயா" என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. சாவி போனால் கேட்க வேண்டும். அது என்னால் ஆகாது.

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள் நான். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்தால் மிஞ்சுவதுதான் காரணம். வெள்ளிக்கிழமை காலை எஞ்சின் எண்ணெயை அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தேன். தண்ணீர் கலந்திருந்தால் எண்ணெய் பால்விட்ட காப்பி மாதிரி இருக்கும். இது தெளிவாக இருந்தது. புகைக்குழாயில் வெள்ளைப் புகை இல்லை. எஞ்சின் குடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலண்ட் ஊற்றி நிரப்பி, அடியில் அட்டை விரித்து, இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டேன். அட்டை காய்ந்தே இருந்தது.

எஞ்சினை நிறுத்திவிட்டு, தவறி விழுந்த கண்ணாடிக் கூட்டை எடுக்க இடப்பக்கம் கை நீட்டினேன். கம்பளம் ஈரமாக இருந்தது! முந்தின நாள் முழுவதும் அலசிக் காயப்போட்டு, அன்று காலைதான் நானே விரித்த கம்பளம். மீன் பையும் இல்லை, ஐஸும் இல்லை.

நான் படித்த கன்னியர் மடப் பள்ளியில் தலைமைச் சகோதரி ஜன்னல் கட்டையில் வெள்ளைக் கைக்குட்டையை ஓட்டித் தூசி பார்ப்பார். அதே மாதிரி என் கைக்குட்டையைக் கம்பளத்தில் அழுத்தி எடுத்தேன். வெளிறிய பச்சை. விரலில் வழுக்கியது. முகர்ந்தால் இனிப்பு வாசம். மீனுக்கு எப்போது இனிப்பு வாசம் வந்தது? எழுபத்தொரு வயதில் கார் ஷெட்டில் தனியாக நின்று கைதட்டினேன்.

காருக்குள் ஹீட்டர் என்று ஒன்று இருக்கிறது. எஞ்சினின் சுடுதண்ணீர் இரண்டு ரப்பர் குழாய்கள் வழியாக அதற்குள் போய்த் திரும்பும். ஓட்டை அதில்தான். மார்கழியிலும் வேர்க்கும் இந்த மாவட்டத்தில் அதை யார் நினைத்தார்கள்? மெக்கானிக்கிற்குப் போன் செய்தால், "ஹீட்டரா? அப்படி ஒண்ணு இருக்கியதே மறந்து போச்சும்மா!" என்று சிரித்தார். இரண்டு குழாய்களையும் ஹீட்டரிலிருந்து கழற்றி, ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் போதும் என்றும் சொன்னார். சனிக்கிழமை அவருக்குக் கல்யாண வீடு. நானே செய்வது என்று தக்கலைக்குப் பஸ்ஸில் போய், குழாய் அளவுக்கு ஒரு பித்தளைத் துண்டும் இரண்டு கிளிப்பும் எழுபத்தைந்து ரூபாய்க்கு வாங்கி வந்தேன்.

சனி காலை பத்து மணிக்கு, ஆறிய எஞ்சினில் குழாய்களைக் கழற்றி, கீழே பேசின் வைத்துத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் புஷ்பம் நின்றாள். நெய்யூர் ஆஸ்பத்திரியில் சொந்தக்காரியைப் பார்க்க வந்தவள். கையில் மூடி போட்ட புது வாளி.

"இந்தாங்க. இனி இதுல தருவேன். எனக்க மீனு ஒழுகுதுண்ணு ஆரும் சொல்லப்பிடாது."

கைக்குட்டையை எடுத்துக் காட்டினேன். "தப்பு எனக்கதான் புஷ்பம். மன்னிச்சுக்கோ."

அவள் முகர்ந்து பார்த்தாள். "இங்க சொன்னா ஆருக்குக் கேக்கும்? அன்னைக்கு நின்ன பத்துப் பேருக்க முன்னால வந்து சொல்லுங்க."

"சொல்லியேன். வருயதுக்குக் காரு வேணுமே."

பித்தளைத் துண்டில் ரப்பர் குழாயை ஏற்ற என் விரலுக்கு வலு போதவில்லை. புஷ்பம் என்னை நகரச் சொல்லிவிட்டு இரண்டே திருகில் ஏற்றினாள். "சூர மீனப் புடிச்ச கையாக்கும்" என்றாள். கிளிப்பை நான் முறுக்கினேன். மூடி திறந்த நிலையில் எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழ் நிற்கும்வரை கூலண்ட் ஊற்றினோம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து பதினொன்றே முக்காலுக்குக் கிளம்பினேன். "முள்ள நானும் பாக்கணும்" என்று, சொந்தக்காரிக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் தங்கியிருந்த புஷ்பமும் வந்து ஏறிக்கொண்டாள். தக்கலை தாண்டி, குலசேகரத்தில் பன்னிரண்டு முப்பத்தைந்து. அதன்பின் ரப்பர் தோட்டங்கள், வளைவுகள், ஏற்றம். இரண்டாம் கியரில் எஞ்சின் முனகியபோது என் கண் முள்ளுக்கே போனது.

"அசையல்ல எம்மா. ரோட்டப் பாத்து ஓட்டுங்க!"

ஒன்று ஐந்துக்கு அணை. தண்ணீர் நிறைந்து, மலை அதில் தலைகீழாகக் கிடந்தது. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டோம். மீனை மட்டும் புஷ்பம் குறை சொன்னாள். இரண்டே முக்காலுக்குப் புறப்பட்டு, நான்கு ஐந்துக்கு வீடு. புதுக் கைக்குட்டையைக் கம்பளத்தில் அழுத்தினேன். வெள்ளையாகவே வந்தது!

ஜெரால்டு கூப்பிட்டான். நான் பேசும் முன் புஷ்பம் போனை வாங்கினாள். "மக்கா, நான் போக வர முள்ளத்தான் பாத்தேன். டேமக்கூட செரியாப் பாக்கல்ல. பாதிக்கு மேல ஏறல்ல." திங்கட்கிழமை வரவிருந்த ஆளை அவன் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

போக நினைப்பவர்களுக்கு: பெட்ரோல் சுமார் முந்நூறு ரூபாய். ஏற்றத்தில் குளிர்சாதனத்தை அணைத்துவிடுங்கள். வழியில் கார் சூடானால் மூடியைத் தொடாமல் காத்திருங்கள். அடியில் சொட்டு இல்லையென்றால் எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் உள்ளே கம்பளத்தைத் தொட்டுப் பாருங்கள். குளிர் ஊருக்குப் போகிறவர்கள் என்னைப் போல ஹீட்டரைத் துண்டிக்காமல், மாற்றிவிடுவது நல்லது. முக்கியமாக, கையில் சாட்சி இல்லாமல் யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். ஆய்வகத்தில் ஒருநாளும் நான் செய்யாத தப்பு அது.

அடுத்த வியாழன் ஏழு மணிக்குத் தேங்காய்ப்பட்டணத்தில் இறங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "புஷ்பத்துக்க பை ஒழுகல்ல. ஒழுகினது எனக்க காரு."

"ஏட்டி, கேட்டியளா எல்லாரும்?" என்று அவள் இடுப்பில் கை வைத்தாள்.

அன்று மீன் விலையில் ஒரு ரூபாய்கூட அவள் குறைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.