சலவைக்கார சேய்னியின் எண்ணெய்க் கை

பசிபிக் கடலின் தோங்காத் தீவில், ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக் கொட்டகையில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்த்தவள் சேய்னி. ஈரப் போர்வைகளை முறுக்கி முறுக்கி அவள் கைகள் துடுப்புப் போடுகிறவன் கைகளைப் போல உரமேறியிருந்தன. நாற்பத்தாறு வயதில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் வார்டில் கிடந்த ஐந்து நாளும் ஊசி போடவும் கட்டுப் பிரிக்கவும் தவிர யாரும் அவளைத் தொடவில்லை. தையல் விட்டுவிடுமோ என்று இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்தாள். வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் தேங்காயெண்ணெய் தொட்டுப் பாதங்களைப் பிடித்துவிட்டபோதுதான் அழுகை வந்தது. அழுது முடித்துத் தூங்கினாள்.

வேலைக்குத் திரும்பிய பிறகு, மத்தியானம் ஷிப்ட் முடிந்ததும் எண்ணெய்ப் புட்டியோடு ஆபரேஷன் வார்டுக்குப் போக ஆரம்பித்தாள். கேட்டவர்களுக்குக் கால் பிடித்துவிடுவாள், கை பிடித்துவிடுவாள். காயத்துப் பக்கம் போகமாட்டாள். "நான் வைத்தியச்சி இல்ல. குணமாக்குறது டாக்டர் வேலை" என்பாள்.

புதிதாக வந்த தலைமை நர்ஸ் லோசலினே பார்த்த அன்றைக்கே நிறுத்திவிட்டாள். "துணி வெளுக்கிறவங்களுக்கு வார்டுல என்ன வேலை?"

மறுநாள் சேய்னி ஞாயிறு ஆராதனைக்குப் போவதுபோல இடுப்பில் தவோவலாப் பாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தாள். மரியாதைக்குக் கட்டுகிற பாய். சண்டைக்கும் அதையே கட்டினாள்.

"சிஸ்டர், பாதத்தத் தொடக்கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு? காட்டுங்க, போயிடறேன்."

"கெண்டைக்கால்ல ரத்தம் கட்டியிருக்கும். நீங்க அழுத்தித் தேய்ச்சு அது நுரையீரலுக்குப் போச்சுன்னா ஆளே போயிடுவாரு. யாரு பதில் சொல்றது?"

சேய்னிக்கு இது தெரியாது. முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் நகரவில்லை.

"சரி, கெண்டைக்காலத் தொடல. வேற என்னென்ன ஆகாது? ஒண்ணொண்ணா சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

"ஒண்ணுமே ஆகாது. கெளம்புங்க."

கிளம்பவில்லை. அன்றிலிருந்து தினமும் பார்வையாளர் நேரம் முழுக்க, பாய் கட்டிய இடுப்போடு வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ஆறாம் நாள் உள்ளே ஒரே சத்தம். கெலெபி என்ற இழுவைப் படகோட்டி, மலைபோல ஆள், வயிற்று ஆபரேஷன் முடிந்து மூன்று நாளாகியும் எழுந்து நடக்க மறுத்தான். நடக்காவிட்டால் நெஞ்சில் சளி கட்டிவிடும் என்று கெஞ்சியும் கட்டில் கம்பியை விடவில்லை.

"வெளிய உக்காந்திருக்காங்களே, கால் பிடிச்சுவிடுவாங்கன்னு பக்கத்துக் கட்டில்ல சொன்னாங்க, அந்த அக்காவக் கூப்பிடுங்க. இல்லேன்னா எந்திரிக்க மாட்டேன்!"

ரவுண்ட்ஸ் வந்திருந்த டாக்டர், "கையும் பாதமும் மட்டுந்தானே? பிடிக்கட்டும். பக்கத்துல நில்லுங்க சிஸ்டர்" என்றார்.

சேய்னி அவன் முறுக்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"என்ன தம்பி, அலைக்குப் பயப்படாதவன் தரைக்குப் பயப்படறியா?"

"சிரிக்க வைக்காதக்கா, தையல் இழுக்குது."

அரைமணி நேரத்தில் மூச்சு சீரானது. "வலி இருக்கு. ஆனா முன்ன மாதிரி பயமா இல்ல" என்றவன், காலைக் கீழே வைத்து ஜன்னல் வரை நடந்தான்.

"மாத்திர வேலை செய்யற நேரம் அது" என்றாள் லோசலினே.

"மாத்திரையாலயேன்னு வச்சுக்கங்க சிஸ்டர். நாளைக்கும் வருவேன்."

மறுநாள் வார்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, லோசலினேயின் கையெழுத்தில். கெண்டைக்கால் கூடாது, காயத்தருகே கூடாது, காய்ச்சல்காரர்களைத் தொடக்கூடாது, நர்ஸைக் கேட்டபிறகுதான், முழங்கைவரை கை கழுவியபிறகுதான்.

சேய்னி இரண்டு தரம் படித்தாள்.

"பத்தொம்பது வருஷமா உங்க துணிய வெளுக்கறேன், எனக்கே கை கழுவக் கத்துத் தர்றீங்களா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். பிறகு குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, "மொதல்ல எந்தக் கட்டில் சிஸ்டர்?" என்றாள்.