அவர் போனில் வந்த விளம்பரம்

எங்கள் கம்பெனியில் காலையில் கேட்டுக்குள் நுழையும்போதே போனைக் கொடுத்துவிட வேண்டும். பட்டாசு மருந்து இருக்கும் இடத்தில் போன் கூடாது. வாட்ச்மேன் அறையில் ஒரு பெரிய தட்டு இருக்கும். எல்லோர் போனும் அதில் கிடக்கும். சாயங்காலம் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிற அவசரத்தில் அவரவர் போனை எடுத்துக்கொண்டு ஓடுவோம்.

அப்போது நான் அங்கே கிஃப்ட் பாக்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் லோடு வண்டி ஓட்டுகிறார். தீபாவளி போனஸில் இரண்டு பேரும் திருத்தங்கலில் ஒரே கடையில் ஒரே மாதிரி போன் வாங்கினோம். ஜோடியாக எடுத்தால் உறை இலவசம் என்று கடைக்காரர் இரண்டு கறுப்பு உறையை மாட்டிக் கொடுத்தார். ஓசி என்றதும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கி வந்தோம். திறக்கிற எண்ணும் இரண்டுக்கும் ஒன்றுதான், மகள் பிறந்த தேதி.

எனக்கு அந்தச் சமயத்தில் ஒரே ஒரு ஆசை இருந்தது. போர்மேன் ஆக வேண்டும். விருதுநகருக்குப் பஸ் ஏறிப் போய் வேதியியல் பட்டம் வாங்கியவள் நான். படித்த மருந்துப் பெயர்களெல்லாம் பக்கத்து அறையில் மூட்டையாக இருக்க, நான் அட்டைப் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்த வேலையைக் குறை சொல்லவில்லை, சோறு போட்ட வேலை அது. ஆனால் கண் என்னவோ அந்த அறைப் பக்கமே போகும். ஒருநாள் துணிந்து மேனேஜரிடம் கேட்டேன். “பயிற்சி முடிச்சுச் சான்றிதழோட வாம்மா, பாப்போம். வகுப்பு ஆரம்பிச்சா இப்பல்லாம் போன்லதான் விளம்பரம் வருது” என்றார்.

அன்றிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை, ‘பட்டாசு போர்மேன் பயிற்சி’ என்று நானே தட்டித் தேடியும் பார்த்தேன். போன் என்ன நினைத்ததோ, அடுத்த நாளிலிருந்து ‘பெண்கள் வீட்டில் இருந்தபடியே மெழுகுவர்த்தி செய்யலாம்’ என்று வர ஆரம்பித்தது. அதற்கு மேலே கழுத்துக் கருப்பு போக ஒரு வைத்தியம், கீழே தொப்பை குறைய ஒரு கஷாயம், நடுவில் கணவர் மனம் கோணாமல் நடந்துகொள்வது எப்படி என்று ஒரு அம்மா அரை மணி நேரம் பேச்சு. நான் எதைத் தள்ளினாலும் அடுத்தது ஒரு புடவை வந்து நிற்கும். எல்லோர் போனிலும் இதுதான் வரும்போல என்று நினைத்துக்கொண்டேன். வேறு ஒருத்தர் போனை எதற்கு வாங்கிப் பார்க்கப் போகிறோம்?

அப்புறம்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. என் வீட்டுக்காரர் வெளியூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு மத்தியானமே கிளம்பிவிட்டார். சாயங்காலம் நான் தட்டில் மிச்சமிருந்த கறுப்பு உறைப் போனை எடுத்துக்கொண்டு வேன் ஏறினேன். வீட்டுக்கு வந்து அடுப்பில் உலையை வைத்துவிட்டுத் திறந்தால் கிரிக்கெட். தள்ளினால் டிராக்டர். அடுத்தது விற்பனைக்கு நிலம், அப்புறம் லாரி எஞ்சின், அப்புறம் ஜிம்மில் கத்துகிற ஒருவர். போன் மாறிப்போனது அப்போதுதான் உறைத்தது.

என் நம்பருக்கே போன் போட்டேன். எடுத்ததும் அவர் முதலில் சொன்னது இதுதான்: “ஏ புள்ள, என்ன போனு வச்சிருக்க நீ? தொறந்தா ஒரே அளுகாச்சியா இருக்கு. மாமியா மருமகள அடிக்கா, மருமக மாமியாளத் தெருவுல நிறுத்துதா. மனுசன் நிம்மதியா டீ குடிக்க முடியல.”

“எங்கன இருக்கீக?”

“காரியாபட்டி தாண்டி ஒரு டீக்கடையில. கழுத்துல என்ன தடவணும்னு கேளு, அம்புட்டும் சொல்லுதேன்.”

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. நாளைக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டோம். சோறு வெந்துகொண்டிருந்தது. இன்னும் என்னதான் வரும் பார்ப்போமே என்று அவர் போனைத் தள்ளிக்கொண்டே போனேன். தலையில் ஹெல்மெட், கையைக் கட்டிக்கொண்டு ஒரு ஆம்பளை நின்றுகொண்டிருந்த படம் வந்தது. மேலே கொட்டை எழுத்தில், பட்டாசுத் தொழிற்சாலை போர்மேன் பயிற்சி. வேதியியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை. பெயர் கொடுக்க ஞாயிறு கடைசி நாள்.

உலை பொங்கி அடுப்பு அணைந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

ஒரே வீடு, ஒரே கம்பெனி, ஒரே கடையில் வாங்கிய போன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். அந்த விளம்பரம் அவரைத் தேடி வந்து நிற்கிறது, தேடித் தேடிப் பார்த்த எனக்கு மெழுகுவர்த்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடியும் அவருக்குப் போன் போட்டேன்.

“போர்மேன் பயிற்சின்னு ஒண்ணு ஒங்க போன்ல வருதே, எம்புட்டு நாளா வருது?”

“அதா? அது வரும், நான் தள்ளி விட்டுருவேன். எனக்கெதுக்கு அது?”

“ஒங்களுக்கு எதுக்கா? எனக்கு வேணும்னு ஒங்கட்டச் சொன்னேனா இல்லையா?”

டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். “சொன்ன. ஆம்பள படம்லா போட்டுருக்கு, அதான் எனக்கு ஒம் ஞாபகமே வரல. தப்புதான் புள்ள.”

திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் அதோடு போய்விட்டது. மழுப்பாமல் ஒத்துக்கொள்கிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? அதுவும் இல்லாமல், அதே படத்தைப் பார்த்தபோது எனக்கே ஒரு நொடி, பெண்களைச் சேர்ப்பார்களா என்றுதான் தோன்றியது.

விளம்பரத்தில் இருந்த நம்பரைக் கூப்பிட்டேன். எடுத்தவர், “யாருக்கும்மா, வீட்டுக்காரருக்கா? அவரப் பேசச் சொல்லுங்க” என்றார்.

“வீட்டுக்காரர் கெமிஸ்ட்ரி படிக்கலைங்க. நான்தான் படிச்சிருக்கேன்.”

“அப்படியா, ஒரு நிமிசம் இருங்க” என்று யாரிடமோ போய்க் கேட்டுவிட்டு வந்தார். “பொம்பளைகளும் வரலாமாம். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சர்டிபிகேட்டோட நேர்ல வந்துருங்க.” குரலில் கோபமோ கிண்டலோ இல்லை. அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது, அவ்வளவுதான்.

ஞாயிறு மத்தியானம் வண்டியைக் கோடவுனில் விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். சாப்பிட்டீகளா என்று கேட்டதற்குக்கூட நிற்கவில்லை. மூஞ்சியைக் கழுவி, போனை மாற்றிக்கொண்டு பைக்கை எடுத்தார். சிவகாசி போகிற வழியெல்லாம் என்னைச் சிரிக்க வைக்க என்னென்னவோ பேசினார். தன் போனில் இரண்டு புடவை விளம்பரம் வந்துவிட்டதாம், ஒரே நாளில் நான் அதைக் கெடுத்துவிட்டேனாம். நான் வேண்டுமென்றே உர்ரென்று இருந்தேன். உள்ளே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெயர் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் அவர் வாங்கிக் கொடுத்த ரோஸ்மில்க்கை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, எனக்கு இன்னொன்று வேண்டும் என்றேன்.

வகுப்பில் முன்வரிசை முழுக்க ஆண்கள். பெண்கள் மூன்று பேர் மட்டும் கடைசி பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாடம் எடுக்க வந்தவர் கலகலப்பான மனிதர். இந்த வகுப்பு இருப்பது எப்படித் தெரியும் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஆண்கள் எல்லோரும் ஒரே பதில்தான்: “எம் போன்ல வந்துச்சு சார்.” எங்கள் பெஞ்சுக்கு வந்தார். முதல் பெண், “எங்க அண்ணன் போன்ல வந்துச்சு சார்” என்றாள். அடுத்தவள், “எங்க அப்பா போன்ல.” நான், “வீட்டுக்காரர் போன்ல சார்” என்றேன். வகுப்பே சிரித்தது, நாங்களும் சிரித்தோம். அவரும் சிரித்துக்கொண்டே கரும்பலகைப் பக்கம் திரும்பியவர், என்ன தோன்றியதோ, நின்று எங்களை மறுபடியும் ஒரு பார்வை பார்த்தார்.

சான்றிதழ் வாங்கினேன். இன்று அதே கம்பெனியில் போர்மேன். காலையில் அறை அறையாகப் போய், அளவுக்கு மேல் ஆள் கூடிவிட்டதா, பருத்தித் துணிதான் உடுத்தியிருக்கிறார்களா, மருந்து அளவாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ‘போர்மேன் அக்கா’ என்று கூப்பிடுகிறார்கள். அதைக் கேட்கும்போது இன்னமும் மனசு குளிர்ந்துதான் போகிறது. என் வாய்க்கு இந்த வேலை பொருத்தம் என்று வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

சான்றிதழ் வாங்கிய அன்றைக்குக் காலேஜில் என்னோடு படித்த ஒருத்தியைக் கூப்பிட்டேன். எங்கள் வகுப்பில் வேதியியலில் முதல் ஆள் அவள்தான். அம்மாவும் அவளும் மட்டும் தனியாக இருக்கிறார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டப் போய்க்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். போன் மாறியதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “இப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாதுடி” என்றாள். அடுத்து அவளே, “எங்க வீட்டுல எடுத்துப் பாக்கதுக்கு ஆம்பள போன் இல்லையேடி” என்றாள்.